தோன்றா எழுவாய்: மறதி நோய்ப் பராமரிப்புக் கையேடுகளை வாசித்தல்

பள்ளிக்கூட இலக்கண வகுப்பில் 'தோன்றா எழுவாய்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். 'நாளை வா' என்ற தொடரில் 'நீ' வெளியே தெரிவதில்லை. ஆனால் அந்த 'நீ' இல்லாவிட்டால் யாரும் வரப்போவதில்லை. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கான பராமரிப்புக் கையேடு, பயிற்சிக் குறிப்பு, துண்டறிக்கை என எதை எடுத்து வாசித்தாலும் ஒரு தமிழாசிரியையின் கண்ணில் முதலில் படுவது இந்தத் தோன்றா எழுவாய்தான். பொறுமையாகப் பேசுங்கள், மறுத்து வாதாடாதீர்கள், குளிக்க மறுத்தால் சற்று நேரம் கழித்துக் கூப்பிடுங்கள், இரவில் எழுந்து நடந்தால் கூடவே நடங்கள் என்று ஏவல் வினைகள் வரிசையாக வருகின்றன. யாரை ஏவுகிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. தமிழில் முன்னிலைக்குப் பால் பாகுபாடு கிடையாது. 'நீங்கள்' யாராகவும் இருக்கலாம். 'பராமரிப்பாளர்' என்ற பெயரும் அப்படியே.

மேல்விஷாரத்தில் எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் அந்த எழுவாய் யாரென்று சொல்லிவிடுவார்கள். மருமகள். மருமகள் வராத வீட்டில் மகள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டால், எழுபது வயதில் முட்டிவலியோடு இருக்கும் மனைவி. வசதி உள்ள வீட்டில் மாதச் சம்பளத்துக்கு வரும் ஆயாம்மா. நால்வரும் பெண்கள். எல்லோருக்கும் தெரிந்த இதை எழுத்தில் மட்டும் ஏன் மறைக்கிறோம், மறைப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்க விரும்புகிறேன். பயிற்சியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அது கட்டாயம் வேண்டும். அது இல்லாததால் முதலில் அடிபடுவதும் பெண்தான். ஆனால் யாருக்கு என்று பெயர் சொல்லாத பயிற்சி, ஏற்கெனவே சுமப்பவளின் தலையில் இன்னொரு கடமையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வேலூர்க் கிராமங்களின் 0.3

1998இல் '10/66' என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழு தொடங்கியது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் அப்போது வளரும் நாடுகளில் வாழ்ந்தார்கள். ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்த இரண்டு எண்களே குழுவின் பெயராயின. இந்தியாவில் இக்குழு மக்களிடையே கணக்கெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று சென்னை. மற்றொன்று நம் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்கள்.

2008இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 'டிஎஸ்எம்-4' அளவுகோலின்படி, 65 வயதைக் கடந்தவர்களில் கியூபாவில் 6.3 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. இந்தியக் கிராமப்புறத்தில் அது 0.3 சதவீதம்தான். அதே மக்களைக் குழு தானே வகுத்த அளவுகோலால் அளந்தபோது, எந்த நாட்டிலும் விகிதம் 5.6க்குக் கீழே போகவில்லை, அதிகபட்சம் 11.7. அப்படியானால் முதல் அளவுகோலில் நம் முதியவர்கள் எங்கே போனார்கள்?

அந்த அளவுகோலுக்கு, நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட்டதாகத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். நம் வீட்டார் சொல்லவில்லை. வயதானவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காத சமூகத்தில், அவரால் செய்ய முடியாமல் போவது கவனத்துக்கு வருவதில்லை, வந்தாலும் அது நோயாகச் சொல்லப்படுவதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சரியான விளக்கம்தான். ஆனால் அதற்குள்ளும் ஒரு தோன்றா எழுவாய் இருக்கிறது. மாமியார் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட ஆரம்பித்ததும் ஒருத்தி அடுப்படியை முழுதாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறாள். மாத்திரையை அவள் எடுத்துக்கொடுக்கிறாள். புடவையை அவள் கட்டிவிடுகிறாள். வந்த விருந்தாளியின் பெயரை மாமியாரின் காதில் அவளே மெல்லச் சொல்கிறாள். வாழ்க்கை பாதிக்கப்படவில்லை என்று வீடு பதில் சொல்கிறது. பாதிப்பு முழுவதையும் ஒருத்தி தன் நாளில் வாங்கிக்கொண்டதால்தான் அந்தப் பதில் சாத்தியமாயிற்று. அந்த 0.3இல் பெண்களின் உழைப்பும் சேர்ந்தே மறைந்திருக்கிறது.

இதற்குப் பின் 2023இல் வெளிவந்த நாடு தழுவிய மதிப்பீடு, அறுபது வயதைக் கடந்த இந்தியரில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்வதாகக் கூறியது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். படிக்காதவர்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இந்த மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு தலைமுறைப் பெண்கள் இன்று எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள். அன்று மறுக்கப்பட்ட படிப்பின் விலையை அவர்கள் இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குற்றவாளிக் கூண்டில் மருமகள்

மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் காசியில் தங்கி ஆய்வு செய்து 1998இல் வெளியிட்ட நூல், முதியவரின் மனத் தடுமாற்றத்தை நம் சமூகம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று காட்டியது. பெரியவர் பிதற்றுகிறார் என்றால் அது அந்தக் குடும்பம் கெட்டுப்போனதன் அடையாளமாக வாசிக்கப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்துக் கோவாவில் நடந்த ஆய்விலும் இதே குரல் கேட்டது. மறதி நோயின் அறிகுறிகளை மக்கள் முதுமையின் இயல்பு என்றார்கள். அல்லது பிள்ளைகளின் புறக்கணிப்பால், அன்பில்லாமையால் வந்தது என்றார்கள்.

காசியிலும் கோவாவிலும் கேட்டது நம் தெருவிலும் கேட்பதுதான். 'கவனிப்பு சரியில்லை' என்று அக்கம்பக்கம் சொல்லும்போது கவனிப்பு யாருடைய வேலை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மகன் வெளிநாட்டில் இருந்தால் அவன் சம்பாதிக்கப் போயிருக்கிறான். உள்ளூரில் தோல் மண்டியில் இருந்தாலும் அவன் சம்பாதிக்கப் போயிருக்கிறான். வீட்டில் இருந்தவள் எவளோ அவளே பதில் சொல்ல வேண்டும்.

இந்த நோயின் அறிகுறி ஒன்று அவள் நிலையை இன்னும் மோசமாக்குகிறது. பொருளை வைத்த இடம் மறந்துபோனவர், அதை யாரோ திருடிவிட்டதாக நம்புவார். பெரும்பாலும் அருகிலேயே இருப்பவர்மீதுதான் அந்தச் சந்தேகம் விழும். காது வளையலை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு 'இவதான் எடுத்துட்டா' என்று மாமியார் தெருவாசலில் நின்று சொன்னால், இருபது வருடப் பழைய பூசல் ஒன்றின் தொடர்ச்சியாகத்தான் அது எல்லோர் காதிலும் விழுகிறது, அவள் காதிலும்கூட. அவள் பதிலுக்குக் கத்துகிறாள். கத்துவதைத் தெரு பார்க்கிறது. தீர்ப்பு எழுதப்படுகிறது.

பயிற்சி ஏன் பெண்ணியக் கோரிக்கை என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும். இது நோயின் வேலை, உன்மேல் உள்ள வெறுப்பல்ல. வாதாடாமல் 'வாங்க, சேர்ந்து தேடலாம்' என்று சொல்லிப் பார் என்று ஒருவர் அவளுக்குச் சொல்லியிருந்தால் அந்தக் கூண்டிலிருந்து அவள் இறங்கியிருப்பாள். அதே பாடம் அவள் கணவனுக்கும் நாத்தனாருக்கும் தெருவுக்கும் போயிருந்தால் கூண்டே இருந்திருக்காது.

'வீட்டுக்குப் போகணும்'

மறதி நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உலகெங்கும் ஒன்றுதான்: வீட்டுக்குப் போக வேண்டும். சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்வார்கள். பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு கூடும். 'இதுதான் உங்கள் வீடு' என்று திருத்தாதீர்கள், பயமா, பசியா, சிறுநீர் முட்டுகிறதா என்று பாருங்கள், வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்கின்றன பயிற்சிகள். நல்ல அறிவுரை.

ஆனால் இந்த வாக்கியத்தை ஒரு தமிழ்ப் பெண் சொல்லும்போது அதில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. இந்நோயில் பொதுவாக அண்மை நினைவுகள் முதலில் அழிகின்றன. பழையவை கடைசிவரை நிற்கின்றன. பதினேழு வயதில் கல்யாணமாகி வந்து அறுபது வருடம் வாழ்ந்த வீடு மங்கிப்போக, அதற்கு முந்தைய வீடு துலங்குகிறது. வீடு என்றால் அவளுக்குப் பிறந்த வீடு. தகப்பன் இறந்து, அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, இடித்துக் கட்டிவிட்ட வீடு. அந்த வாக்கியம் ஓர் ஆண் வாயிலும் வரும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பப்பட்டவளின் வாயில் வரும்போது நோயின் அறிகுறி என்ற ஒரு சொல்லுக்குள் அதை அடைக்க முடியாது. பயிற்சி தருபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் மருமகளுக்கு ஏற்கெனவே தெரியும். அவளும் ஒரு வீட்டை விட்டு வந்தவள்தான்.

பிரிட்டனைச் சேர்ந்த டாம் கிட்வுட் 1997இல் எழுதிய நூலில், மூளையின் சிதைவைவிட நோயாளியைச் சுற்றியுள்ளவர்களின் நடத்தை அவரை எவ்வளவு சிறுமைப்படுத்துகிறது என்று பட்டியலிட்டார். ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது, ஆள் இல்லாததுபோல் அவர் முன்னாலேயே பேசுவது ஆகியவற்றோடு குழந்தையாக நடத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மிடம் அந்த உவமை மிகச் செல்வாக்கானது. 'குழந்தை மாதிரி ஆயிட்டாங்க' என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். பாசம் இருக்கட்டும். எண்பது வருடம் வாழ்ந்து, ஆறு பிள்ளை பெற்று, கணக்கு வழக்குப் பார்த்த ஒருத்தியை அது ஒரே வார்த்தையில் அழித்துவிடுகிறது. இன்னொரு வேலையையும் செய்கிறது: குழந்தை என்று சொன்ன மறுகணம் அது தாயின் பொறுப்பாகிவிடுகிறது. குழந்தை வளர்ப்பில் ஆணுக்கு எவ்வளவு பங்கோ இதிலும் அவ்வளவே. உவமை வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது.

தமிழ்த் திரை இந்தப் பங்கீட்டை விசித்திரமாகத் தலைகீழாக்கியிருக்கிறது. 'ஓ காதல் கண்மணி' (2015) படத்தில் நோயுற்ற பவானியைக் கணவர் கணபதி பார்த்துக்கொள்கிறார். '60 வயது மாநிறம்' (2018) படத்தில் காணாமல்போன அப்பாவை மகன் தேடி அலைகிறான். ஆணின் பராமரிப்பைத் திரையில் காட்டியது நல்லதே. அப்படி ஒரு கணவரைப் பார்ப்பது ஆண்களுக்குத் தேவை. ஆனால் ஆண் செய்யும்போது பராமரிப்பு காதல் கதையாகிறது, தேடல் கதையாகிறது, இசையும் மழையும் சேர்கின்றன. பெண் செய்யும் அதே வேலைக்குக் கதையே இல்லை. ஈரப்படுக்கையை உருவித் துவைப்பதில் திருப்புமுனை ஏது?

ஓய்வு எடுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' என்ற பயிற்சி ஐந்து பகுதிகளும் இருபத்துமூன்று பாடங்களும் கொண்டது. அதில் ஒரு பகுதி முழுக்கப் பராமரிப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது பற்றியது. இது பெரிய முன்னேற்றம். அவளுக்கும் உடம்பு உண்டு என்று ஒரு பாடநூல் ஒத்துக்கொள்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். பொறுமையாகப் பேசுவது, குளிப்பாட்டுவது, கூட நடப்பது எல்லாம் அவள் ஒருத்தியே செய்துவிடக்கூடிய ஏவல்கள். 'ஓய்வு எடுங்கள்' என்ற ஏவலை மட்டும் அவளால் தனியாக நிறைவேற்ற முடியாது. அவள் ஓய்வெடுக்க இன்னொருவர் எழுந்து வர வேண்டும். அந்த இன்னொருவரை நோக்கி ஒரு தொடரும் எழுதப்படாதவரை இந்த அறிவுரை காகிதத்தில்தான் இருக்கும்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதற்குப் பெண் 134 நிமிடம், ஆண் 76. இது எல்லா வீடுகளுக்குமான சராசரி. இரவும் பகலும் மாறிப்போன ஒரு நோயாளி உள்ள வீட்டில் இந்தக் கணக்கே உடைந்துவிடும்.

நம் வட்டாரத்தில் அது எங்கெங்கே உடைகிறது? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் ஒருவருக்கு இந்நோய் முற்றும்போது முதலில் நிற்பது அவர்கள் வேலை. நின்றவர்களில் சிலர் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வருங்கால வைப்பு நிதி கிடையாது, விடுமுறை கிடையாது. ஒரு கண் ஊசியில், ஒரு கண் கதவில். 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறாள்' என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு.

கல்லூரியில் நான் பார்ப்பது இதன் இன்னொரு முனை. 'பாட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை' என்று வரும் விடுப்பு விண்ணப்பங்களை மாணவிகளின் கையெழுத்தில் மட்டுமே நான் வாசித்திருக்கிறேன். அம்மா வேலைக்குப் போகிறாள், அண்ணனுக்குத் தேர்வு, இவளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் நிச்சயம். அந்தக் குடும்பத்தில் யாரும் கெட்டவர்கள் அல்ல. எல்லோரும் ஒரே இலக்கணத்தைப் படித்தவர்கள்.

காசு கொடுத்து வைக்கப்படும் ஆயாம்மாவின் கதையும் இதில் சேர வேண்டும். ஏஜென்சி வழியாக வருபவள் பெரும்பாலும் கணவனை இழந்தவள் அல்லது கைவிடப்பட்டவள். பன்னிரண்டு மணி நேரம் அல்லது இருபத்துநான்கு மணி நேரம் நோயாளியின் அறையிலேயே இருப்பாள். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க, மலம் துடைக்க, ஊட்டக் கற்றுக்கொண்டிருப்பாள். திடீரென்று குழப்பம் கூடினால் அது நோய் முற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை, சிறுநீர்த் தொற்றாகவோ நீர்ச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். திருட்டுப் பழி விழும்போது மருமகளுக்காவது வீட்டில் இடம் உண்டு. இவளுக்கு வேலை போகும், போலீசும் வரும். தொழில்முறைப் பராமரிப்பாளர் பயிற்சி என்பது நுட்பங்களோடு நிற்கக் கூடாது. அமர்த்துகிற வீட்டுக்கும் பாடம் வேண்டும்: இவளுக்கு உறங்கும் நேரம் உண்டு, வார விடுப்பு உண்டு, இந்த நோயில் இப்படிப் பழி வரும் என்று.

எழுவாயை எழுதுதல்

பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குக் கோவாவில் நடந்ததைச் சொல்வேன். திஸ்வாடி, பார்தேஸ் என்ற இரு தாலுகாக்களில் 81 குடும்பங்களோடு நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. பள்ளிப்படிப்பு உள்ள உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் தீவிரப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது போனார்கள். நோயை விளக்கினார்கள், நடத்தைச் சிக்கல்களுக்கு வழி சொன்னார்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். நோயாளியின் நிலையில் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பார்த்துக்கொள்பவரின் மனச்சுமை தெளிவாகக் குறைந்தது. அந்த வீட்டில் நோயாளியை விசாரிக்க வந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்திருப்பார்கள். பார்த்துக்கொள்பவளை விசாரிக்க ஒருவர் வந்தது அநேகமாக அதுவே முதல்முறை.

தமிழ்நாட்டில் இதற்குப் பாதி வழி போட்டாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அந்த வாசல்படியிலேயே மறதி நோயையும் கேட்கலாம், சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று சொல்லி வாங்கும் வேலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாக இருந்தால் நாம் அதே இலக்கணப் பிழையைத்தான் மறுபடி செய்வோம். கேரளத்தில் அரசும் அல்சைமர் சங்கமும் சேர்ந்து குன்னங்குளத்தில் பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்தியிருக்கின்றன. வார நாட்களில் பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபங்கள் நம் ஊர்களில் எத்தனை! பகலில் ஐந்து மணி நேரம் பாட்டியை நம்பி விட ஓர் இடம் இருந்தால் ஒரு மாணவி வகுப்புக்கு வருவாள், ஒரு தாய் கம்பெனிக்குப் போவாள்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. கவனிக்காத பிள்ளைகளைத் தீர்ப்பாயத்துக்கு அழைக்கலாம், கைவிட்டால் சிறைக்கும் அனுப்பலாம். கவனிக்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது? கற்றுத்தருவதும் இல்லை, ஒரு நாள் விடுப்பும் இல்லை. 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் கடமைப்பட்டவர்கள் பட்டியலில் சேர்க்க முன்வந்தது. எழுவாயை அரசு ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது அவளைப் பொறுப்பாளியாக்கத்தான் கண்டுபிடித்தது.

நம் சமூகத்துக்குள்ளேயே இன்னொரு முரண் இருக்கிறது. மாமனாரை மருமகள் குளிப்பாட்டுவது முறையல்ல என்று சொல்லும் வீடுகளில், அந்த வேலை தானாக மகன் கைக்குப் போயிருக்க வேண்டும். போவதில்லை. ஆள் தேடுகிறார்கள், ஆள் கிடைக்காத நாளில் எழுபது வயது மாமியார் குளிப்பாட்டுகிறார். அறிவு தடுமாறியவருக்குத் தொழுகை கடமையில்லை என்பது மார்க்கம் தரும் சலுகை. அவரைப் பார்த்துக்கொள்வதிலிருந்து ஆண்களுக்குச் சலுகை எங்கே எழுதியிருக்கிறது?

10/66 குழு, வசதி குறைந்த ஊர்களுக்காகவே ஒரு சிறு பயிற்சியை வகுத்தது. ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். முதலாவதில் வீட்டு நிலைமையைக் கேட்டறிவது, இரண்டில் நோயைப் பற்றி விளக்குவது, இரண்டில் அந்த வீட்டின் குறிப்பிட்ட சிக்கல்களுக்கு வழி காண்பது. முக்கியமாகப் பார்த்துக்கொள்பவரோடு குடும்பத்தின் மற்றவர்களையும் உட்கார வைத்தே நடத்த வேண்டும் என்பது அதன் வடிவம். நான் வாசித்தவற்றில் எழுவாயைக் கொஞ்சமாவது வெளியே எழுதிய பயிற்சி இதுதான்.

மேல்விஷாரத்தின் ஆண்கள் வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஜும்மா முடிந்ததும் அரை மணி நேரம். ஐந்து வெள்ளிக்கிழமை. சொல்லிக்கொடுக்க இந்த ஊரிலேயே மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர் இருக்கிறார்கள், பத்து வருடம் மாமியாரைப் பார்த்துத் தேர்ந்த பெண்களும் இருக்கிறார்கள்.